காமாட்சி சிரித்த படம்

1930 ஆகஸ்ட் 31, ஞாயிறு. வக்குவா

இன்று எங்கள் புகைப்படச் சங்கக் கூட்டம். வழக்கம்போல் ரோபெரின் மருந்துக்கடைப் பின்னறையில். ஆறு பேரும் வந்திருந்தோம். என் அறிக்கையைக் கேட்க வந்தார்கள் என்று எழுத ஆசைதான். வேலாயுதனின் புதுக் காமிராவைப் பார்க்க வந்தார்கள்.

ஜெர்மன் காமிரா. மடித்தால் கோட்டுப் பையில் அடங்குகிறது. கண்ணாடித் தகடு வேண்டாம், முக்காலி வேண்டாம், தலைக்குக் கறுப்புத் துணி வேண்டாம். சுருள் பிலிம். 'எடுத்துட்டேன்' என்கிறான், எப்போது எடுத்தான் என்று யாருக்கும் தெரிவதில்லை. இது படம் பிடிப்பதா, ஜேப்படித் திருட்டா?

சங்கத்தை ஆரம்பித்தவன் நான். விதிகளை எழுதியவன் நான். தகட்டைக் கழுவ மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவனும் நான். ரோபெர் அந்தக் காமிராவைக் கையில் வைத்துக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுயாக்கில் என் அப்பாவின் கரும்பு நிலத்தை வாங்கியது வேலாயுதனின் அப்பா. வாங்கிய பிறகு யுத்தம், யுத்தத்துக்குப் பிறகு சர்க்கரை விலை ஏற்றம். எனக்குக் கிடைத்தது படிப்பு. படிப்பு எனக்கு ஆபீசில் ஒரு நாற்காலியைக் கொடுத்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் என் நாற்காலியைத் தாண்டிப் போய்விட்டார்கள். வேலாயுதனுக்கு என்ன படிப்பு? கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எல்லாருக்கும் பிடிக்கும்.

செப்டம்பர் 14 அன்று கிராண்ட் பேயிலிருந்து பாய்மரப் படகில் காப்ரியேல் தீவுக்குப் போவதாக முடிவு. அங்கே எடுப்பவற்றில் நல்லவை நவம்பரில் ரோஸ்ஹில் கண்காட்சிக்குப் போகும். குடும்பத்தோடு போகலாம் என்றது வேலாயுதன்தான்.

"அண்ணி வரலன்னா நா படகுல ஏற மாட்டேன் அண்ணே. அவங்க புளிச்சோறு இல்லாம தீவு எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவியின் புளிச்சோறு இவன் நாக்கில் எப்போது ஏறியது? கோயில் திருவிழாவிலா? விசாரிக்க வேண்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காமாட்சியிடம் சொன்னேன். "கடலா? நானா?" என்றாள். பிறகு வெகுநேரம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சேலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னோடு வெளியே போக அவள் சேலை தேடி எத்தனை காலம் ஆயிற்று!

செப்டம்பர் 7, ஞாயிறு

அவள் எடுத்து வைத்திருப்பது மஞ்சள் சேலை. மஞ்சள் படத்தில் கறுப்பாக விழும் என்றேன். "கண்ணுக்கு மஞ்சளாத்தானே இருக்கும்?" என்றாள். யார் கண்ணுக்கு?

செப்டம்பர் 15, திங்கள்

ஆபீசுக்குப் போகவில்லை. கழுத்துப் பின்புறம் வெயிலில் வெந்துவிட்டது. நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காற்று நன்றாக அமைந்தது. படகுக்கார ஜான்-க்ளோட் வாயில் பைப்போடு எங்களை ஏற்றினான். காமாட்சி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கொவான் த மீர் பாறையைத் தாண்டியதும் திறந்தாள். நீள வால் வைத்த வெள்ளைப் பறவைகள் பாறையைச் சுற்றிக்கொண்டிருந்தன. "அண்ணி, அங்க பாருங்க" என்று காட்டியது வேலாயுதன். நான் தகட்டுப் பெட்டியை மடியில் வைத்து உப்புத்தண்ணீர் படாமல் காத்துக்கொண்டிருந்தேன். பறவை காட்ட என் கை சும்மா இல்லை.

காப்ரியேல் தீவின் மணல் மாவு மாதிரி இருக்கிறது. எதிரே இல் ப்ளாத் தீவின் கலங்கரை விளக்கம், நடுவே தெளிந்த தண்ணீர். என் படத்தை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டேன்: கலங்கரை விளக்கம் மேலே, நங்கூரமிட்ட படகு கீழே, இரண்டுக்கும் நடுவே வெறும் வெளிச்சம். அதற்காகக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முக்காலியை நட்டேன். துணிக்குள் தலையை விட்டால் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரியும். எனக்கு அது பழகிப்போன உலகம். வேறு யாரும் உள்ளே வர முடியாது.

ஆனால் படகு ஆடிக்கொண்டே இருந்தது. "பா பூஜே! அசையாதே!" என்று துணிக்குள்ளிருந்தே ஜான்-க்ளோடுக்குக் கத்தினேன். மறுபடியும் கத்தினேன். அந்த ஆளுக்குக் காது இல்லை. ஒரு அலை வந்து முழங்கால்வரை நனைத்தது. முக்காலியை விடவில்லை.

அப்போதுதான் பின்னால் கரையில் அந்தச் சிரிப்பு. பெண் சிரிப்பு. யாருடையது என்று எனக்கு உடனே தெரியவில்லை. அதுதான் இப்போதும் உறுத்துகிறது. தகட்டுக்கு வெளிச்சம் காட்டி முடித்துத் துணியை விலக்கிப் பார்த்தேன். காமாட்சி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேலாயுதன், காமிராவை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும் இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

சாப்பிடும்போது அவன் புளிச்சோற்றை இரண்டாம் முறை வாங்கினான். நான் முதல் முறையே வேண்டாம் என்றேன்.

இன்று காலை காமாட்சி அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ரோபெர் கடைப் பின்னறையில் எல்லாரும் படங்களைச் சுவரில் குத்தி வைத்தோம். ரோபெர் மட்டும் கொண்டுவரவில்லை. சோம்பேறி, தகடுகளை இன்னும் கழுவவே இல்லையாம்.

என் கலங்கரை விளக்கம் குறையில்லாமல் வந்திருக்கிறது. படகு ஒரு மயிரிழை கலங்கியிருக்கிறது, அவ்வளவுதான். "நல்லாயிருக்கு முசியே வைத்திலிங்கம்" என்றார்கள். வாடகை ரசீதைப் பார்த்து 'சரியாயிருக்கு' என்பார்களே, அந்தக் குரலில்.

பிறகு வேலாயுதன் தன் படத்தைக் குத்தினான். எல்லாரும் சுவரருகே வந்து நின்றார்கள்.

காமாட்சி. முகம் மட்டும், கொஞ்சம் தோள். காற்றில் முடி கலைந்து, தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, கண் முக்கால் மூடி – சிரிக்கிறாள். பார்வை காமிராவில் இல்லை, ஒரு பக்கமாக. கல்யாணமானதிலிருந்து நான் அவளை எத்தனை தகடு எடுத்திருக்கிறேன்! நாற்காலி, பூச்சாடி, பட்டுச்சேலை. 'பா பூஜே' என்பேன், அவள் அசைய மாட்டாள். எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்தவள் மாதிரி. இந்தப் பெண் எங்கே இருந்தாள்? என் வீட்டிலா?

"இதுதான் ரோஸ்ஹில்லில் நடுச் சுவரில்" என்றான் ரோபெர்.

எழுந்தேன். ஒருவர் வீட்டுப் பெண்ணின் படத்தை அந்த வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் காட்சிக்கு வைக்கக்கூடாது – விதி ஏழு. நான் எழுதிய விதி. சம்மதம் இல்லை என்றேன்.

"அண்ணே, அண்ணியைக் கேட்டீங்களா?" என்றான் வேலாயுதன்.

விதியில் 'அண்ணி' என்ற சொல் இல்லை என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குத் தீவுல அவன் உங்கிட்ட என்ன சொன்னான்?"

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாமலா அப்படிச் சிரிச்சே?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதுக்கும் சங்கத்துல விதி இருக்கா?"

யார் சொல்லிக்கொடுத்த பேச்சு இது? படத்தைப் பற்றி ஊரே அவளிடம் சொல்லியிருக்கிறது. கடைத்தெருவில் ரோபெரின் மனைவி ஊகெட் இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம். "எனக்கும் ஒருதரம் காட்டுங்களேன். நா அப்படிச் சிரிச்சதை நா பாத்ததே இல்ல" என்றாள் காமாட்சி.

பார்க்கலாம் என்றேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஆபீசிலிருந்து நேராக வேலாயுதன் வீட்டுக்குப் போனேன். படமும் வேண்டும், நெகடிவும் வேண்டும் என்றேன். வாசலிலேயே நின்றேன், உட்காரவில்லை.

உள்ளே போய் இரண்டையும் கொண்டுவந்து கையில் கொடுத்தான். வேறு பிரதி எடுக்கவில்லையாம். அவன் சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

"இது உங்க வீட்டுக்குச் சேர வேண்டியதுதான் அண்ணே. சட்டம் போட்டு அண்ணிக்குக் குடுங்க."

எனக்குத் தெரியும் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று.

செப்டம்பர் 26, வெள்ளி

எரித்துவிட்டேன்.

அட்டைப் படம் சுருண்டு, மெதுவாக எரிந்தது. பிலிம் அப்படியல்ல, அடுப்பில் பட்டதும் பக்கென்று ஒரு வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான். புருவம் கருகியது. கற்பூரம் மாதிரி ஒரு வாடை.

"என்னது எரியுது?" என்று வந்தாள்.

சொன்னேன்.

அழவில்லை. கத்தவில்லை. இடுக்கியை எடுத்துச் சாம்பலைக் கிளறிப் பார்த்தாள். பிறகு அதே அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

செய்தது சரிதான். இன்னொருவன் கண் வழியாக என் மனைவி முகம் எனக்கு வேண்டாம். நாளைக்கு ஊரெல்லாம் – சரி, போதும். செய்தது சரிதான்.

செப்டம்பர் 27, சனி

புரட்டாசி இரண்டாம் சனி. தளிகை சுயாக்கில் தன் தங்கச்சி தனலட்சுமி வீட்டில் போடுவதாகச் சொல்லிவிட்டுக் காமாட்சி காலை ரயிலில் போனாள். பெட்டி கொஞ்சம் பெரியதாக இருந்தது.

அக்டோபர் 1, புதன்

வரவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று மூன்றாம் சனியும் போயிற்று. வாழையிலையை நானே நறுக்கி, நானே சமைத்து, நானே படைத்தேன். பருப்பில் உப்பில்லை. பெருமாளும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 8, புதன்

படம் கழுவ ஹைப்போ உப்பு வாங்க ரோபெர் கடைக்குப் போனேன். ஒருவழியாகத் தகடுகளைக் கழுவிவிட்டானாம். "வா வா, உன்னைப் பற்றி ஒன்று இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே ஒரு படத்தை நீட்டினான்.

தீவில் பாறை மேலேறி எடுத்திருக்கிறான். கரை முழுவதும் விழுந்திருக்கிறது. தண்ணீருக்குள் முக்காலி, அதற்குப் பின்னால் ஒரு கறுப்பு மூட்டை, அதற்கு இரண்டு ஈரக் கால்கள். மூட்டைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு படகை அதட்டுகிறது. படகில் ஒருவரும் இல்லை.

ஜான்-க்ளோட் எனக்குப் பின்னால் மணலில் நிற்கிறான், கையில் மரவள்ளிக்கிழங்கு, வாய் நிறைய.

"படகைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாய், மோ ஃப்ரேர், என் சகோதரா! 'அசையாதே, மடையா' என்று! ஜான்-க்ளோட் உனக்கு இரண்டடி பின்னால். நாங்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்?"

கறுப்பு மூட்டையை நோக்கிக் கையை நீட்டி, உடம்பு வளைந்து, ஒரு சிறிய பெண் உருவம். வெளிர் மணலில் கறுப்பாக விழுந்த மஞ்சள் சேலை. கொஞ்சம் தள்ளி வேலாயுதன். காமிரா அவள் பக்கம், அவள் முகமோ என் பக்கம்.

ரோபெர் பேசிக்கொண்டே இருந்தான். ஹைப்போ வாங்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

இனி யார்மேல் பொறாமைப்படுவது?

அந்தச் சிரிப்பு என்னுடையது. என்னால் வந்தது. அவன் எடுத்தான், ஆனால் என்னுடையது. அதைத்தான் நான் அடுப்பில் –

கேலிச் சிரிப்பாக இருந்தால்? இல்லை. அந்த முகத்தை நான் ஒரு முறை சுவரிலும் ஒரு முறை கையிலும் பார்த்தேன். கேலியில் கண் அப்படி மூடாது.

அக்டோபர் 12, ஞாயிறு. சுயாக்

ரோபெரின் படத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். தனலட்சுமி, "வாங்க அத்தான்" என்று நாற்காலி போட்டாள். விருந்தாளிக்குப் போடுகிற நாற்காலி. காமாட்சி பின்கட்டில் மரவள்ளி இலை ஆய்ந்துகொண்டிருந்தாள். படத்தைக் கொடுத்தேன்.

"என்னைப் பாத்துத்தான் சிரிச்சியா?"

"பின்ன? ஆளில்லாத படகை அதட்டுற மனுஷனை வேற எங்க போய்ப் பாக்குறது?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அவரு என்ன சொன்னாருன்னு கேட்டீங்க. ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேன். எதைப் பாத்தேன்னு நீங்க கேக்கல."

படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"என் மூஞ்சி பயத்தம்பருப்பு அளவுகூட இல்லையே. பெருசு பண்ண முடியுமா?"

"பண்ணினா புள்ளி புள்ளியா உடைஞ்சுடும்."

"அப்ப நீங்க சொல்லுங்க. நீங்கதானே பாத்தீங்க. எப்படி இருந்துச்சு?"

மூன்று மொழி படித்தவன் நான். "பல்லு தெரிஞ்சுது" என்றேன். "முடி கலைஞ்சிருந்துது. கண்ணு... மூடின மாதிரி."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் வந்தது. படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு இலையை ஆயத் தொடங்கினாள்.

மாலை ரயிலில் தனியாகத் திரும்பினேன். இதை ரயிலில் எழுதுகிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

சங்கம். ரோபெரின் படத்தைக் கண்காட்சிக்கு வைக்க என் சம்மதம் கேட்டார்கள், விதி ஏழின்படி. ஊரே பார்த்துச் சிரிக்குமே, பரவாயில்லையா என்றான் ரோபெர். கையெழுத்துப் போட்டேன்.

நடுச் சுவருக்கு வேறு என்ன தருவாய் என்று வேலாயுதனைக் கேட்டார்கள். ஒன்றும் இல்லை, அந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஏன் எரித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனை நன்றாக வெறுத்திருப்பேன். அதையும் எனக்குக் கொடுக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

ரோஸ்ஹில் கண்காட்சி. என் கலங்கரை விளக்கம் கதவோரம், யாரும் நிற்கவில்லை. ரோபெரின் படத்துக்கு முன் கூட்டம். கறுப்பு மூட்டையைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். மூட்டை பக்கத்திலேயே தொப்பியோடு நின்றது, யாருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் காமாட்சி வந்தாள், கையில் பெட்டியோடு, தனலட்சுமியும் கூட. கூட்டத்தைத் தாண்டி நேராக நடுச் சுவருக்குப் போனாள். வெறும் ஆணி.

"இங்கதான் மாட்டியிருப்பாங்களா?"

"ஆமா."

மற்றவர்கள் படத்துக்கு முன் நிற்பதுபோல் நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். போகச் சொல்லவில்லை.

மூவரும் ஒரே ரயிலில் ஏறினோம். வக்குவா வந்தது. நான் இறங்கினேன். காமாட்சி பெட்டியை மடியில் வைத்தபடியே இருந்தாள்.

"மழைக்கு முன்ன பின்கூரைத் தகரத்தை மாத்துங்க" என்றாள் ஜன்னல் வழியாக.

"மாத்திடறேன். நீ..."

"பாப்போம்."

வண்டி நகர்ந்தது. தனலட்சுமி அவள் காதில் ஏதோ சொன்னாள். காமாட்சி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், சத்தமாக, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி.

என்ன சொன்னாள் என்று நான் கேட்கப் போவதில்லை. வண்டி வளைவில் மறையும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.