என் கடலடி ஸ்கூட்டரும் ஹரோல்ட் அண்ணனும்

8 ஜனவரி 1984

பூலாவ் செம்பிலான் தீவிலிருந்து இப்போதுதான் வீடு வந்தேன். முடியில் இன்னும் உப்பு. எழுதிவிட்டுத்தான் குளிக்கப்போகிறேன். குளித்தால் கோபம் ஆறிவிடும், ஆற வேண்டாம்.

நேற்று பாறைக்கு அந்தப் பக்கம் நீரோட்டம் இழுத்தது. போலியோ வந்த கால் எவ்வளவு உதைக்கும்? தங்கராஜு என் சிலிண்டர் வாரைப் பிடித்துப் படகு வரை இழுத்துவந்தான். அதற்குப் பரிசாக ஹரோல்ட் அண்ணன் படகுக்காரர் முன்னாலேயே தீர்ப்பு எழுதினார்.

"இனிமே நீ போட்லயே இரு லா. உன் காலுக்கு இது சரிப்படாது."

எட்டு வருஷம் முன்பு, டைவிங் பைத்தியம் பிடித்த தோட்டத்துச் சின்ன துரை எங்கள் மூன்று பேருக்கும், எனக்கும் தங்கராஜுக்கும் அண்ணனுக்கும், கற்றுக்கொடுத்தார். அவரே என் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அண்ணன் சொல்கிறார்.

டைவ் அடித்த அன்றே மலைத் தோட்டத்துக்கு ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி வரும் என்பதால் ராத்திரி லூமுட்டில் தங்கல். அண்ணன் மீன் தலைக் கறி சாப்பிட்டதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

நிலத்தில் நான் நொண்டி. லைன் வீட்டிலிருந்து ஆபீஸ் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறேன். தண்ணீருக்குள் மட்டும்தான் யாரும் என் நடையைப் பார்த்ததில்லை. அதையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

11 ஜனவரி

ஆபீசில் அண்ணன் குட்மார்னிங் சொன்னார். நான் டெலிபோன் போர்டில் லைன் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டுக்கொண்டே இருந்தேன்.

2 பிப்ரவரி

கண்டுபிடித்துவிட்டேன். கால் வேண்டாம், மோட்டார் போதும். கையால் பிடித்துக்கொண்டால் இழுத்துப்போகும் தண்ணீர் ஸ்கூட்டர். சிங்கப்பூர் கடைக்காரன் மூன்று படம் அனுப்பியிருக்கிறான்.

பெரியது: இரும்பு உடம்பு, குண்டு மாதிரி. நல்ல வேகம். தூக்க இரண்டு ஆள் வேண்டும். நான் ஒன்றரை ஆள்கூட இல்லை.

சின்னது: விலை மலிவு. கிணற்றில் விட்டு விளையாடலாம். நீரோட்டத்தில் அதையும் நான்தான் இழுக்க வேண்டும்.

நடுத்தரம்: மஞ்சள். மெல்ல நீந்துகிறவன் வேகம்தான், ஆனால் ஒரு மணி நேரம் ஓடும். விசையை விட்டால் நின்றுவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், இதில் சாதாரண மோட்டார்சைக்கிள் பேட்டரி மாதிரிதான் இருக்கிறது. மலையடிவாரத்துத் தாப்பா டவுன் கடையில் கிடைக்கும். பெரியதுக்குச் சிங்கப்பூரிலிருந்துதான் பேட்டரி வர வேண்டும். யானையைக் கட்டித் தீனி போட என்னால் ஆகாது.

புது மஞ்சள் ஆறு மாதச் சம்பளம். பழையது எங்காவது அகப்படுமா?

19 பிப்ரவரி

யார் சொன்னார்களோ, அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் அதே படங்கள். பெரியதை வாங்கலாமாம். இருவரும் பாதிப்பாதி போடலாமாம். அவர் வீட்டில் இடம் இருக்கிறதாம், அங்கேயே வைக்கலாமாம். உனக்காகத்தான் என்று நாலு தடவை சொன்னார்.

எனக்காக என்றால் என்னால் தூக்க முடியாததை ஏன் வாங்க வேண்டும்? கேட்டேன். நாங்கள் தூக்கித் தருகிறோமே என்கிறார். அதாவது அவர் தூக்கித் தரும் அன்றைக்கு மட்டும் நான் போகலாம். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அவருக்கு வேகமாக ஓட்ட ஆசை. என் காலைக் காட்டி வாங்கப் பார்க்கிறார்.

"பாதியும் வேணாம், முழுசும் வேணாம், நானே வாங்கிக்குவேன்" என்றேன். கையில் காபி இருந்தது. கொட்டவில்லை. கொட்டியிருக்கலாம்.

4 மார்ச்

வாங்கிவிட்டேன்!! லூமுட்டில் ஒப்பந்த வேலை முடிந்து ஊருக்குப் போகும் ஒரு வெள்ளைக்கார டைவர் விற்றார். மஞ்சள். தங்கராஜு பேக்டரி எஞ்சின் ரூமில் வேலை செய்கிறவன், அதனால் கூட்டிப்போனேன். அவன் மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தைப் பார்த்தான், புரொபெல்லரைக் கையால் சுற்றினான். பேட்டரி மட்டும் செத்துவிட்டது, மாற்றினால் போதும் அக்கா என்றான். அதைச் சொல்லியே விலையைக் குறைத்தேன்.

படியில் நானே தூக்கி ஏற்றினேன். மூச்சு வாங்கியது. யாரையும் தொட விடவில்லை.

18 மார்ச்

மலையிலேயே இருக்கும் ரிங்லட் ஏரியில் சோதனை. மண்ணைக் கரைத்துவிடும் தோட்டக்காரர்கள் தயவில் ஏரி முழுக்கத் தேத்தண்ணி நிறம். முழுகினால் சொந்தக் கை தெரியவில்லை. ஆனால் ஓடியது! என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. வாய்க்குள் குழாயை வைத்துக்கொண்டே சிரித்தேன்.

கூப்பிடாமல் அண்ணன் வந்தார். புது பேட்டரி லேசு, மிதக்கிறது, ஈயம் போட வேண்டும் என்றார். சரிதான். கையை விட்டால் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்க வேண்டும். அவரே ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, சரியாக நிற்கும் வரை பார்த்து, தார் ஊற்றி ஒட்டிவிட்டார். பெரிய எஞ்சினியர். நான் நன்றி சொல்லவில்லை.

1 மே, லூமுட் ஹோட்டல்

இன்றைக்கு எழுத்து கிறுக்கலாகத்தான் வரும்.

காலையில் படகில் நான் சிலிண்டரை மாட்டுவதற்குள் அண்ணன் ஸ்கூட்டரைக் கையில் எடுத்துவிட்டார். முதலில் நான் ஓட்டிப் பார்க்கிறேன், பாதுகாப்புக்கு என்றார். என் ஸ்கூட்டர். என் காசு. கையைப் பிடித்து இழுத்தேன், அதற்குள் குதித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் மஞ்சளாக ஒன்று மேலே மிதந்து வந்தது. ஸ்கூட்டர் மட்டும். ஆளைக் காணோம். செத்துவிட்டார் என்று நினைத்தேன். பயந்துதான் போனேன். அது நிஜம்.

பிறகு தலை தெரிந்தது. முகமூடியைச் சரிசெய்யக் கையை விட்டாராம், அது மேலே ஓடிவிட்டதாம். துரத்தி நீந்தினார். நீரோட்டம் ஸ்கூட்டரை ஒரு பக்கம் கொண்டுபோனது, பாறை ஓரமாக அவரை இன்னொரு பக்கம். இரண்டு காலும் நல்ல கால். உதைத்து உதைத்து ஓய்ந்து, கையை மட்டும் தூக்கினார்.

படகுக்காரர் நங்கூரத்தை இழுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், ஆளா ஸ்கூட்டரா, எது முதலில் என்று.

நான் பதில் சொல்லவில்லை. தங்கராஜு என் முகத்தைப் பார்த்தான், பிறகு அவனே சொன்னான்.

"ஆளத் தூக்குங்க."

அண்ணன் ஏற முடியாமல் படகு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். திரும்பிப் பார்த்தபோது மஞ்சள் எங்கேயும் இல்லை.

கடல் தண்ணீர் தூக்கும். உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மலையில் இருந்துகொண்டு ஏரித் தண்ணீரில் எடை பார்த்து, தார் ஊற்றி ஒட்டி, கடலுக்குக் கொண்டுவந்தோம். மூன்று பேருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஆனால் கையை விட்டது நான் இல்லை.

3 மே

அவர் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார். ரிங் வந்துவிட்டது என்று போர்டைக் காட்டினேன். ரிங் வரவில்லை.

20 மே

நான் ஏன் உடனே பதில் சொல்லவில்லை? தங்கராஜு அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன். அண்ணன் மேல் இருக்கிற கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

10 ஜூன்

பங்கோர் தீவு மீனவர் ஒருவர் வலைக் கம்பத்தில் மஞ்சள் குண்டு மாட்டியிருந்ததாம். பயந்துபோய் போலீசுக்குச் சொல்லியிருக்கிறார். படகுக்காரர் போன் செய்தார். அண்ணனே தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போய் எடுத்துவந்து, என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

உடம்பு முழுக்கக் கீறல். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நல்ல சாமான்தான் வாங்கியிருக்கிறேன்.

29 ஜூலை, லூமுட்

கடலிலேயே எடை பார்த்தோம். இன்னும் இரண்டு துண்டு ஈயம் தேவைப்பட்டது. தங்கராஜு திருகாணி போட்டு முடுக்கினான், தார் வேண்டாம் என்றேன்.

அண்ணன் வந்திருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் தண்ணீரில் இறங்கியதில்லை. படகில் சிலிண்டரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். நானும் தங்கராஜும் இறங்கினோம். கொஞ்ச நேரம் கழித்து அவரும் இறங்கி எங்கள் பின்னால் வந்தார்.

மீன் கூட்டத்துக்கு நடுவில் போனேன். காலை அசைக்கவே இல்லை. இரண்டு காலும் ஒரே மாதிரி பின்னால் மிதந்து வந்தன.

பாறை ஓரம் நீரோட்டம் தொடங்கியது. அப்போது முதுகில் ஒரு இழுப்பு. திரும்பாமலே தெரிந்தது, அண்ணன்தான்; தங்கராஜு எனக்கு முன்னால் இருந்தான். என் சிலிண்டர் வாரை அந்தக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. வேகம் பாதியானது. விசையை விட்டிருக்கலாம். அழுத்திக்கொண்டே இருந்தேன், படகு வரை.

மேலே வந்ததும் பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று தங்கராஜு கேட்டான். பாரம் அதிகம் என்றேன்.

அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கும்.