சாவிக்காரர் வீட்டுப் பால்கனி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி அப்படியே இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டுதான் இருக்கிறது. போனில் சொன்னால் நீ பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். போன வாரம் நீ சொன்னாயே, வீட்டையே இடிச்சாச்சு, இனிமே அங்க வந்து எதைப் பார்க்கப் போறேன், பழைய சாவி இன்னும் என் பையிலதான் கிடக்கு, தூக்கித்தான் போடணும் என்று. நீ சாதாரணமாகச் சொன்னாய். எனக்கு அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. லீவு கிடைத்தும் வருவதா வேண்டாமா என்று நீ யோசிக்கிறாய் என்று புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்று கேட்ட உன் அப்பா தன் சாவிக் கடைக்கு இறங்கிப் போய்விட்டார்.

இறங்கி என்றால் உண்மையாகவே இறங்கித்தான். நம் பழைய சந்துக்கு எதிரே சரக்கு ரயில் நின்ற மைதானம் இருந்ததே, முள்ளும் துருவுமாக, நீ பந்து தேடிப் போய் முழங்காலைக் கிழித்துக்கொண்டு வருவாயே, அங்கேதான் இந்தக் கட்டிடங்கள். கீழே கடைகள், அதற்கு மேலே ஆபீஸ்கள், ஒரு பல் டாக்டர், அதற்கும் மேலே வீடுகள். நமக்கு நாலாவது மாடி. செங்கலால் கட்டிய பழைய சரக்குக் கிடங்கை மட்டும் இடிக்காமல் வைத்து உள்ளே காய்கறிச் சந்தையும் மாடியில் படிப்பகமும் போட்டுவிட்டார்கள். நடைபாதையில் பழைய தண்டவாளம் ஒன்றை அப்படியே பதித்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதன்மேல் கையை விரித்து நடக்கிறார்கள், பல் டாக்டரும் ஆள் இல்லாத நேரம் பார்த்து நடக்கிறார், நான் பார்த்துவிட்டேன். வருவதற்கு முன்னால் நான் அழுத அழுகைக்கு, இங்கே இவ்வளவு பிடித்துப்போனதை வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஜன்னலுக்கெல்லாம் தடிமனான கண்ணாடி, மூடிவிட்டால் ரயில் போவதே தெரியாது. ரயில் சத்தத்தில கேக்கலம்மா என்று உன் அப்பா இத்தனை காலம் ஓட்டிய கதையும் அதோடு முடிந்தது.

சாவிக் கடையில் வேலைக்கும் குறைவில்லை. இங்கே கதவெல்லாம் சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற ரகம், குப்பை போட வெளியே வந்தவர்கள் வாரத்துக்கு ஒருவராவது செருப்பில்லாமல் உன் அப்பா முன்னால் வந்து நிற்கிறார்கள். அவரும் போய்த் திறந்துகொடுத்துவிட்டு, சாவி இல்லாம வாசல் தாண்டலாமா என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டுத்தான் வருவார். பூட்டு விஷயத்தில் அவர் எப்படி என்று உனக்குத் தெரியாதா. பழைய வீட்டைக் காலி செய்தபோது, நான் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருக்க, அவர் கதவுப் பூட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்தத் துருப்பிடித்ததெல்லாம் எதற்கு என்று கத்தினேன், காதில் வாங்கினால்தானே. புது வீட்டுக்கு வந்ததும் பால்கனித் தாழ்ப்பாள் வெறும் தகரம் என்று சொல்லி, அதற்கும் தானே பூட்டிக்கொள்கிற பூட்டு ஒன்றை மாட்டினார். நாலாவது மாடிக்கு எந்தத் திருடன் ஏறி வருவான் என்று கேட்டேன். வருவான், நீ பாரு என்றார்.

இனிமேல்தான் கூத்து. நீ அப்படிச் சொன்ன மறுநாளே, புது வீட்டுல இருந்து துண்டை ஆட்டினா ரயில்ல இருக்கறவங்களுக்குத் தெரியுமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நம் வீட்டில் யார் ரயிலேறினாலும், வந்தாலும், சமையலறைப் பின்வாசலில் நின்று மஞ்சள் துண்டை ஆட்டாமல் இருந்திருக்கிறோமா. ஸ்டேஷனுக்கு முன்னால் வண்டி மெதுவாகிற இடம் இந்தப் பால்கனிக்கும் நேர் எதிரேதான். சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முந்தின ஸ்டேஷனுக்குப் போய், நீ வருகிற சாயங்கால வண்டியிலேயே ஏறினார். நான் குளியலறையில் வாளிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, துண்டோடு பால்கனிக்கு வந்தேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. பூட்டியும் கொண்டது. போன் உள்ளே, சாவி அவர் சட்டைப் பையில், வாளி நிரம்பிக்கொண்டிருக்கிறது. வண்டியும் வந்துவிட்டது. நான் துண்டை ஆட்டினேனா என்று கேட்காதே, குதித்தேன். கதவு, கதவு என்று கத்தினேன், ரயில் சத்தத்தில் யாருக்கு என்ன கேட்கும். ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகிற பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தாள், ஏதோ நல்ல விஷயம் போல என்று நினைத்து அவளும் தன் துப்பட்டாவை எடுத்து ஆட்டினாள். அவளைப் பார்த்து மேல் வீடு, கீழ் வீடு, ஆபீஸில் இருந்தவர்கள்கூட. ரயிலில் இருந்த முன்பின் தெரியாதவர்களெல்லாம் திருப்பி ஆட்டுகிறார்கள். வண்டி போனபிறகு டீச்சர், என்ன ஆன்ட்டி, யாருக்கு என்று கேட்டாள். சாவிக்காரர் பெண்டாட்டி பூட்டில் மாட்டிக்கொண்டாள் என்று எந்த வாயால் சொல்வேன். என் பொண்ணு வரப்போறா, அதுக்கு ஒத்திகை என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடுகிற மாதிரி துண்டை உதறிக்கொண்டே நின்றேன்.

உன் அப்பா உடனே வந்தாரா? வழியில் டீ குடித்து, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பெருமையடித்துவிட்டு ஆடி அசைந்து வந்தார். உள்ளே காலை வைத்ததும் தண்ணீரில் வழுக்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் நிற்பதைப் பார்த்தும் புரியவில்லை, நல்லாத் தெரிஞ்சுது, நீ இப்படிக் குதிச்சு ஆட்டுவேன்னு நினைக்கவே இல்ல என்று சிரிக்கிறார். நான் பார்த்த பார்வையில்தான் கை பைக்குள் போனது. அன்றைக்கு இரண்டு பேரும் தரையைத் துடைத்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. துடைக்கத் துடைக்கச் சிரிப்பு வேறு. அந்தப் பூட்டை இரவே கழற்றிவிட்டார், இப்போது பால்கனிக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

ஆனால் சொன்னது சொன்னதுதானே. படியில் பார்க்கிறவர்களெல்லாம் பொண்ணு எப்ப வர்றா, சொல்லுங்க, நாங்களும் வந்து நிக்கிறோம் என்கிறார்கள். பல் டாக்டர்கூட அந்த நேரத்துக்கு யாரையும் நாற்காலியில் உட்காரவைக்க மாட்டாராம். நீ வராவிட்டால் நான் இந்தக் கட்டிடத்தில் தலைகாட்ட முடியாது, அதை மனதில் வைத்துக்கொள். ராத்திரி போனைப் படுக்கையில் வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு.

இன்னொன்று. காலையில் நான் சந்தைக்குப் போய்விட்டு வந்தால் உன் அப்பா வாசல் கதவைக் கழற்றி மடியில் போடாத குறையாக உட்கார்ந்திருந்தார். பளபளவென்று இருந்த புதுப் பூட்டு மூலையில் கிடந்தது. கதவில் நம் பழைய வீட்டு வாசல் பூட்டு, எண்ணெய் போட்டுத் துடைத்து மாட்டியிருந்தார். எதுக்குங்க இது என்று கேட்டேன். அவகிட்ட இதுக்குச் சாவி இருக்கு என்றார்.

நீ நல்லபடியாக, மனசு நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசி. டிக்கெட் போடும்போது இடது பக்க ஜன்னல் சீட்டாகப் பார். எல்லோரும் ஆட்டிவிட்டு உன்னைப் பார்க்கக் கீழே வந்துவிடுவார்கள், நாங்கள் மட்டும் மேலேயே இருப்போம். மணி அடிக்காதே. நீயே திறந்துகொண்டு வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா