நாற்பத்தொன்பது டம்ளர் பெட்டி

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம், கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நீயும் நலமாக இரு, இல்லாவிட்டாலும் அங்கேயே இரு. உன் கடிதம் கிடைத்தது. முதல் கணக்குப் பரீட்சையிலேயே கோட்டை விட்டுவிட்டேன், இனி படிப்பு வேண்டாம், வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைவிட நீ விட்ட தப்பைப் படித்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. ஐம்பதுக்குள் சரியாக மூன்றே காரணி உள்ள எண்களைக் கேட்டால் 4, 9, 16, 25, 36 என்று எழுதி நிறுத்தியிருக்கிறாய். வர்க்கம் என்று கண்டதையெல்லாம் அள்ளிப் போட்டாயா? பதினாறை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று ஐந்து எண்கள் வகுக்கும். முப்பத்தாறுக்கு ஒன்பது காரணி. பகா எண்ணின் வர்க்கம்தான் மூன்றோடு நிற்கும்: ஒன்று, அந்த எண், அதன் வர்க்கம், அவ்வளவுதான். சரி, அது போகட்டும், நாற்பத்தொன்பதை எப்படி விட்டாய்? வேறு யார் பெண் விட்டாலும் மன்னிக்கலாம், அந்தப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு படித்தவள் நீ.

அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் நான் சேர்ந்த புதிதில் வரைந்த முதல் டிசைன் அது, ஒரே அடுக்கு, ஏழுக்கு ஏழு அறை, அறைக்கு ஒரு கண்ணாடி டம்ளர். பேக்கிங்கில் இருந்த உன் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்து, ஏன் சார், நாப்பத்தெட்டுன்னா ஆறுக்கு எட்டு, நாலுக்குப் பன்னெண்டுன்னு எப்படி வேணா அடுக்கலாம், இது ஏழுக்கு ஏழு, இல்லன்னா ரயில் மாதிரி ஒரே வரிசை, எங்க உயிரை வாங்கவா வரைஞ்சீங்க என்று கேட்டாள். இதே மாதிரி ஏழு அடுக்கு வைத்தால் முந்நூற்று நாற்பத்து மூன்று, ஏழின் கனம், அவ்வளவு பெரிய எண்ணுக்கும் காரணி நான்குதான் என்று பெருமையாகச் சொன்னேன். அதைத் தூக்க உங்க மாமனாரா வருவாரு என்றாள். கடைசியில் அவள் அப்பாதான் மாமனாராக வந்தார். கம்பெனி வேண்டாம் என்று தள்ளிய அந்தச் சாம்பிள் பெட்டி டம்ளர்களோடு நம் வீட்டுக்கு வந்தது, இத்தனை வருஷத்தில் ஒரு டம்ளரைக்கூட அவள் உடைய விடவில்லை.

பெட்டியை அப்படியே வையுங்கள், வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். பெட்டி இல்லை. போன ஞாயிறு பெரியம்மா, அத்தை, மாமி மூவரும் வந்து அம்மா பொருட்களைப் பங்கு போட்டார்கள். நான் தடுக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். துணியும் பாத்திரமும் சுலபமாகப் பிரிந்தன, டம்ளரில் வந்து மாட்டிக்கொண்டார்கள். ஆளுக்குப் பதினாறு போக ஒன்று மிச்சம். நான்தான் மூத்தவ, எனக்குத்தான் என்றாள் பெரியம்மா. வயசுப்படின்னா எங்க மாமியாருக்கு வீட்டையே எழுதித் தரணுமே என்றாள் மாமி. அத்தை பேப்பரில் டம்ளரைச் சுற்றிக்கொண்டே என்னிடம், உனக்கு அப்படி என்ன வயசாயிடுச்சு, அடுத்து வர்றவ புதுசா வாங்கிட்டு வரமாட்டாளா என்றாள். ஏழு பேர் வந்தால் சரியாகப் பிரியும், மூன்று பேருக்குப் பிரியாது என்றேன். பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டுக் கணக்குச் சொல்றான் பாரு, இவனெல்லாம் மனுஷனா என்று பெரியம்மா ஓவென்று அழுதாள். அழுகை நிற்கட்டும் என்று பெட்டியிலிருந்து ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு ஆனது. உடனே சமாதானமாகி, சிரித்துப் பேசிக்கொண்டே கிளம்பிவிட்டார்கள். அம்மா சொன்னது சரிதான், நாற்பத்தெட்டு எப்படி வேண்டுமானாலும் பிரியும். காலிப் பெட்டியை நான்தான் மடித்து எடைக்குப் போட்டேன்.

ஆகவே நீ வந்து பார்த்துக்கொள்ள இங்கே எதுவும் இல்லை. நோகும் என்று தெரிந்தே இன்னொன்றும் எழுதுகிறேன். கதவைத் திறந்து நீ உள்ளே வந்தால் நெற்றியும் மூக்கும் அவளாக வருவாய், வாயைத் திறந்ததும் நீயாகிவிடுவாய். தினமும் அதைப் பார்க்க என்னால் ஆகாது. வராதே. அந்த ஒரு டம்ளரையும் கேட்காதே, தரமாட்டேன், அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன். ஒன்றின் வர்க்கமும் ஒன்று, கனமும் ஒன்று, எனக்குப் பழகிவிடும்.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. அடுத்து நான்கு காரணி கேட்பார்கள், பகா எண்ணின் கனம் மட்டும் என்று எழுதிவிட்டு வந்து நிற்காதே, வெவ்வேறு இரண்டு பகா எண்களைப் பெருக்கினாலும் நான்குதான், எட்டுக்கும் நான்கு, ஆறுக்கும் நான்கு. இந்தக் கணக்கை மறக்காமல் திருத்தி எழுதி அனுப்பு. நாற்பத்தொன்பதை உன் கையெழுத்தில் நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா