வாசல் இல்லாத வீடும் ஒன்பது மூடிகளும்

மார்ச் 3, செவ்வாய்

காலை 6.40. எங்கள் வரிசையில் வீடுகள் ஒன்பது. நடைபாதையில் வெள்ளை வட்டங்கள் ஆறு. மரக்குழிக்காக மாநகராட்சி போட்டது. அதில் ஒன்று எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே. அளந்தேன்: கேட்டின் மையத்திலிருந்து நாற்பது சென்டிமீட்டர்.

அப்பா 19ஆம் தேதி மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வருகிறார். வண்டியை வாசலை ஒட்டி நிறுத்திப் பலகை போட்டு இறக்க வேண்டும். குழி தோண்டினால் பலகை எங்கே? ஆகாயத்திலா?

மார்ச் 5, வியாழன்

பூங்காப் பிரிவு அலுவலகம். மேற்பார்வையாளர் அம்மா வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

"இதுல உங்க வீட்டுக்கு வாசலே இல்லையே தம்பி."

"நான் அந்த வாசல் வழியாத்தான் மேடம் இங்க வந்தேன்."

"மனு குடுங்க. தொண்ணூறு நாள்ல பதில் வரும்."

அவர் தலைக்கு மேலே சுவரில் விதிமுறைகள் ஒட்டியிருந்தன. நான்காவது விதி: தண்ணீர்க் குழாய் வால்வு மூடியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் குழி கூடாது.

நான் வேலை செய்வது வார்ப்பு ஆலையில். தரச் சோதனைப் பிரிவு. வால்வு மூடிகளில் தேறாதவற்றை ஒதுக்கி உருக்க அனுப்புவது என் வேலை. யாரைக் குறை சொல்ல?

மார்ச் 7, சனி

காலை ஐந்தரை. ஒரு மூடி, ஒரு சட்டி சிமெண்ட், பதினைந்து நிமிடம். வட்டத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர். அக்கா பல் துலக்கிக்கொண்டே பார்த்தாள். "படிச்ச படிப்பெல்லாம் இதுக்குத்தானாடா?" ஆமாம், இதற்குத்தான்.

மார்ச் 9, திங்கள்

வட்டத்தை அழித்துவிட்டார்கள். புது வட்டம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வாசலில்.

மார்ச் 10, செவ்வாய்

பல் டாக்டர் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"தம்பி, உங்க வாசல்ல திடீர்னு ஒரு மூடி முளைச்சிருக்கே."

"பழசு சார்."

"சிமெண்ட் இன்னும் ஈரமா இருக்கு. நான் ஒண்ணும் கேக்கல. எனக்கு ஒண்ணு கிடைக்குமா?"

கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 13, வெள்ளி

வட்டம் வாசல் வாசலாக நகர, எல்லோரும் வந்து கேட்டார்கள். வீட்டுக்கு ஒன்றாக மூடிகள் ஒன்பது. ஃபோர்மேனிடம் பூந்தொட்டிக்கு அடியில் வைக்க என்று சொல்லித்தான் எடுத்து வந்தேன். எவ்வளவு பெரிய தோட்டம் என்று கேட்கிறார்.

வட்டங்கள் பூஜ்யம்.

மார்ச் 16, திங்கள்

ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் ஓர் அறிவிப்பு. எங்கள் தெருவில் பதிவேட்டில் இல்லாத ஒன்பது வால்வுகள் கண்டறியப்பட்டுள்ளனவாம். குழாய்களின் போக்கை அறிய 18ஆம் தேதி முதல் பத்து நாட்களுக்கு நடைபாதை முழுவதும் தோண்டப்படுமாம்.

18 முதல். அப்பா வருவது 19.

ஒரு குழியைத் தடுக்கப் போய் முழுத் தெருவுக்கும் பள்ளம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அக்கா அறிவிப்பைப் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். வேறு வழி இருந்ததா? யோசித்துப் பார்த்தேன், இல்லை. மேற்பார்வையாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒம்பதுல நிஜம் எத்தனை?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"அப்ப நிஜ வால்வு எங்க இருக்கு?"

"தெருமுனையில. அது மேல உங்க குப்பைத்தொட்டி நிக்குது."

பேனாவைக் கீழே வைத்தார். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆள் அனுப்புவேன். ஒரு மூடி இருந்தாலும் தோண்டுவாங்க. அளக்கத் தெரிஞ்ச கையில்ல? வாசலெல்லாம் போட்டு புது வரைபடம் நீங்களே குடுங்க. ஆறு மரம் வந்தாகணும். மூணு வருஷம் தண்ணி ஊத்தறதும் நீங்கதான்."

"மூணு வருஷமா?"

"நாலா எழுதிக்கட்டுமா?"

கையெழுத்துப் போட்டேன்.

இனி செய்ய வேண்டியவை:

1. நாளை காலை ஐந்துக்கு மூடிகளைப் பெயர்ப்பது. பல் டாக்டர் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். மனிதர் அரை மூட்டை சிமெண்டைக் கொட்டியிருக்கிறார்.

2. ஒன்பது வாசல்களையும் வரைபடத்தில் ஏற்றுவது. ஆறு குழிக்கும் இடம் குறிப்பது. எங்கள் வீட்டுக்கு உரியது கேட்டின் இடது பக்கம், இரண்டரை மீட்டர் தள்ளி.

3. மூடிகளை ஆலையில் திருப்பிக் கொடுத்து ஃபோர்மேனிடம் உண்மையைச் சொல்வது. இரண்டு வாளி வாங்குவது.

4. வியாழன் பதினொரு மணிக்கு அப்பாவை இறக்குவது.

5. இங்கே மரம் வரப்போகிறது என்று மட்டும் அவரிடம் சொல்வது. மிச்சத்தை, நாற்காலி உள்ளே போய்ச் சேர்வதற்குள் அக்கா சொல்லிவிடுவாள்.