பங்கேற்று உற்றுநோக்கல்

இயேசு மரி சூசை

விருத்தாசலம்
5.3.2006

அன்பு மகள் செல்விக்கு அமலராணி அம்மா எழுதுவது.

நாங்கள் மூவரும் நலம். விடுதிச் சாப்பாட்டில் நீ இன்னும் இளைத்திருப்பாய் என்று டெய்சி அப்பா சொல்கிறார். போன வருஷம் எங்கள் வீட்டில் மூன்று மாதம் தங்கி, பீங்கான் சூளைப் பெண்களையும் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பிய ஜெபக் கூட்டத்தையும் பற்றி நீ செய்த ஆய்வு, அட்டை போட்டு வந்து சேர்ந்தது. தபால்காரரிடமே பிரித்துக் காட்டிவிட்டேன். கூட்டத்துக்கு எடுத்துப்போனால் ரீட்டா, "எம் பேரு எங்க இருக்குது?" என்று கடைசிப் பக்கத்திலிருந்து தேடுகிறாள். யார் பேருமே இல்லை. நான் 'வீட்டுத் தலைவி அ'வாம். டெய்சி அப்பா இரண்டு நாளாக, "அ, ஒரு டீ குடு" என்றுதான் கூப்பிடுகிறார்.

எட்டாவதோடு நின்றவள் நான். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதி முடித்ததும் தினம் நாலு பக்கம் படிக்கிறேன். செயற்பாட்டுக் கோட்பாடு, முரண்பாட்டுக் கோட்பாடு என்று வரிசையாக வருகிறது. ஜெபமாலை சொல்வதால் தெருப் பெண்கள் ஒற்றுமையாகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஆகிறோம், சரி. அதற்காகவா சொல்கிறோம்?

மே 14 ஞாயிறு டெய்சிக்குப் புதுநன்மை. முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். கண்ணாடி முன் நின்று ஒத்திகை நடக்கிறது. "செல்வி அக்கா மாதிரி கண்ண மூடிக்கினுதான் வாங்குவேன்" என்கிறாள். நீ வராவிட்டால் நான் பேச மாட்டேன்.

ஆசீரோடு,
அமலராணி அம்மா

---

திருச்சி
11.3.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். இளைக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

கோட்பாடு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை அம்மா. ஜெபம் முடிந்ததும் நீங்கள் எல்லோருக்கும் டீ தருவீர்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டீ கூட்டத்தைச் சேர்த்துவைக்கிறது என்றால் செயற்பாட்டுக் கோட்பாடு. சூளை சூப்பர்வைசர் வீட்டம்மா நீங்கள் கொடுக்கிறீர்கள், சூளை வேலைக்காரப் பெண்கள் வாங்குகிறார்கள், இதில் யார் மேலே யார் கீழே என்று கேட்டால் முரண்பாட்டுக் கோட்பாடு. கொடுத்தவருக்கு மரியாதை திரும்பி வருகிறது என்றால் பரிமாற்றக் கோட்பாடு. டம்ளரை முதலில் யார் கையில் கொடுக்கிறீர்கள், அதற்கு அவர்கள் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் குறியீட்டு இடைவினை. டீ ஒன்றுதான்.

ஒரு வேண்டுகோள். ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் இப்போது படிக்காதீர்கள். அதில் ஒன்றை நான் நேரில் சொல்ல வேண்டும். 29ஆம் தேதி வாய்மொழித் தேர்வு முடிந்ததும் வருகிறேன்.

டெய்சிக்கு முத்தம்.

உங்கள்
செல்வி

---

விருத்தாசலம்
18.3.2006

செல்வி,

படிக்காதே என்றால் யார்தான் படிக்காமல் இருப்பார்கள்? படித்துவிட்டேன்.

"ஆய்வாளர் கிறித்தவர் அல்லர்; இறைநம்பிக்கை அற்றவர். பங்கேற்று உற்றுநோக்கும் முறையில், நற்கருணை பெறுவது உட்பட எல்லாச் சடங்குகளிலும் கலந்துகொண்டார். இதனால் குழுவின் நம்பிக்கை எளிதில் கிட்டியது."

பால் பொங்கி அடுப்பை அணைத்ததுகூட எனக்குத் தெரியவில்லை. டெய்சி வந்து, "அம்மா, கேஸு நாத்தம்" என்று உலுக்கின பிறகுதான் எழுந்தேன்.

கான்வென்ட் கல்லூரி மதர் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். உன் பேரும் செல்வி, எந்த வேதத்திலும் வைக்கிற பேர். நம்ம பிள்ளை என்றே நினைத்துவிட்டேன். நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. உனக்கு அது அப்பத் துண்டு. எங்களுக்கு ஆண்டவருடைய சரீரம், செல்வி! மனசில் ஒரு குறை இருந்தால்கூட நாங்கள் எழுந்து போக மாட்டோம். நீ ஞாயிறு தவறாமல் என் முன்னால் நின்று வாங்கினாய்.

இன்னொன்று. டெய்சி டைபாய்டு காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தாள். பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, ஜெபமாலை பாதியில் எனக்கு வாய் நின்றுவிட்டது. என் கையிலிருந்து மாலையை வாங்கி நீதான் தொடர்ந்து சொன்னாய். உன் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் மறுபடி சொன்னேன். அன்றைக்கு நீ ஜெபம் பண்ணினாயா, பார்த்துக்கொண்டிருந்தாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

டெய்சி இன்னும் கண்ணாடி முன்னால் கண்ணை மூடி நிற்கிறாள். பார்க்கச் சகிக்காமல் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன்.

அமலராணி

---

திருச்சி
22.3.2006

அம்மா,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஜெபிக்கத் தெரியாது. யார் கட்டில் பக்கம் உட்கார்ந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டிருந்தேன். பிறகு நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மாலையை வாங்கினேன். அது ஆய்வுக்காக இல்லை. யாரிடம் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முதல் ஞாயிறு நீங்கள் என் முதுகில் கைவைத்து, "போம்மா, வரிசையில நில்லு" என்றீர்கள். பெஞ்சு காலியாகிவிட்டது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். அதற்கும் என் படிப்பில் ஒரு பேர் உண்டு, முத்திரைக் கோட்பாடு. ஊர் பார்க்கிற பார்வையே ஒருத்தியை இன்னார் என்று ஆக்கிவிடும். அதைப் படித்தவள்தான் பயந்து எழுந்து நின்றேன். அடுத்த ஞாயிறு சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் பயத்துக்கு 'ஆய்வு முறை' என்று பேர் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடுகிறேன். தேர்வுக்கு முன் மாற்ற நேரமிருக்கிறது. புதுநன்மைக்கு நான் வரவில்லை. டெய்சியிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

செல்வநாயகி

---

இயேசு மரி சூசை

விருத்தாசலம்
25.3.2006

செல்விக்கு,

பக்கத்தை எடுக்காதே. ஒரு வரி சேர்த்து எழுது: "இது வீட்டுத் தலைவி அ-வுக்குத் தெரியாது, ஆய்வாளர் சொல்லவில்லை." வரவை எழுதிச் செலவை மறைத்தால் அது கணக்காகாது. தேர்வில் கேட்டால் அப்படியே சொல்.

டெய்சி அப்பாவிடம் சொல்லி அழுதேன். "அந்தப் பொண்ணு மறைச்சிடுச்சின்னு அழுவுறியா, நம்ம புள்ள இல்லன்னு அழுவுறியா?" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இன்னும் மனசு வரவில்லை. அந்த மனசைத் தரச் சொல்லி ஆண்டவரிடம் தினம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டெய்சியிடம் ஏதாவது சொல்ல எனக்குத் தெரியாது. உள்ளதைச் சொன்னேன். செல்வி அக்கா நம்ம வேதம் இல்லை, அது தெரியாமல் நான்தான் வரிசைக்கு அனுப்பினேன் என்றேன். வாயைப் பிளந்தாள். பிறகு, "அப்ப அக்கா உக்காந்துகினு நான் வாங்குறத பாக்கட்டும்மா. பாக்கறதுதான அவங்க வேல?" என்றாள்.

அதனால் வா. காலையிலேயே வந்துவிடு. டெய்சியை அவள் அப்பா முன்னால் அழைத்துப் போவார். பெஞ்சு காலியாகும். நீ எழுந்திருக்காதே. நானும் எழுந்திருக்கப் போவதில்லை. பங்குசாமியாரைக் கேட்டுவிட்டேன், மறுநாள் காலைப் பூசையில் வாங்கிக்கொள்வேன். பெற்ற மகள் புதுநன்மை வாங்கும்போது தாய்க்காரி உட்கார்ந்திருக்கிறாளே, என்ன பாவம் பண்ணினாளோ என்று ரீட்டா முதல் ஆளாகத் திரும்புவாள். பிறகு கோவிலே திரும்பும்.

திரும்பட்டும். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம்.

அமலராணி