நீ அழாத பக்கம்

புதுப் புத்தகத்தைப் பிரித்ததும் முகர்ந்து பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. "தின்னுடாதடி!" என்று கட்டிலிலிருந்து கத்துவாய். போன ஞாயிறு ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிய நாவலையும் அப்படித்தான் முகர்ந்தேன். பின்னட்டையில் தெரிந்த முகம். நம் கம்பெனி ஹாஸ்டலுக்கு ஒருநாள் வந்தாரே, பெங்களூர் எழுத்தாளர் அம்மா, அவரேதான். ஆங்கிலத்தில் எழுதியது இப்போது தமிழில் வந்திருக்கிறது.

உனக்குத் தானாகப் படிக்கப் பொறுமை கிடையாது. ஷிப்ட் முடிந்து வந்து நான் சத்தமாக வாசிக்க வேண்டும். நீ தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்பாய். கதையில் வேலைக்காரியோ கம்பெனிப் பெண்ணோ வந்தால் போதும். "நம்மாளு வந்துட்டா. எந்தப் பக்கத்துல அழுவா, அத மொதல்ல சொல்லுடி." டெல்லியோ, டாக்காவோ, லாகூரோ, எந்த ஊர்க் கதையிலும் அவள் அழத்தான் செய்தாள். வீட்டுக்காரர்கள் நாடு, நியாயம் என்று பேசுவார்கள். அவள் டீயை வைத்துவிட்டு உள்ளே போய் அழுவாள். "நம்ம ரூம்ல ஒருத்திகூட வாய மூடறதில்ல. இவங்களுக்கு மட்டும் எங்கடி கெடைக்கறாங்க இந்த வாயில்லாப் பூச்சிங்க?" என்பாய்.

அந்த அம்மா வந்த அன்று நீதான் அதிகம் பேசினாய். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று மீட்டிங்கில் மேனேஜர் சொன்னதும் நீ எழுந்து கேட்டாயே, அதைச் சொன்னாய். "குடும்பம்னா சந்தோஷம் சார். அம்மா வீடா, மாமியார் வீடான்னு மட்டும் சொல்லிடுங்க." மீட்டிங்கில் இருந்த கன்னடப் பெண்களுக்காக, "தவரு மனெயா, அத்தெ மனெயா?" என்று மறுபடியும் சொன்னாய். சிரிப்பு இரண்டு தடவை வந்தது. இதைக் கேட்டு அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்து உன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நாவலில் நீ இருக்கிறாய். சிங்காரப்பேட்டைக்காரி, புருவத்தில் தழும்பு, தலை நிறைய எண்ணெய். உன்னை மறுபடி பார்த்த சந்தோஷத்தில் வேகமாகப் புரட்டினேன். நீ பேசவே இல்லை. மெஷின் முன்னால் தலை குனிந்து நிற்கிறாய். பிறகு, கடவுளே, பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுகிறாய். உன் கேள்வியாவது எங்காவது வரும் என்று தேடினேன். வந்தது. முதலாளி மகள் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் கேட்கிறாள்: "குடும்பம் என்கிறீர்களே, அவர்களுக்கு இது அம்மா வீடா, மாமியார் வீடா?" விருந்தாளிகள் வாயடைத்துப் போகிறார்கள்.

திரும்பத் திரும்பப் படித்தேன். உன் வாயைப் பிடுங்கி அவளுக்கு வைத்துவிட்டு, யாருடைய அழுகையையோ உனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மா கெட்டவர் இல்லையடி, கேட்டுச் சிரித்தவர். அதனால்தான் இதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவருக்கே நீ பேசியது நினைவில்லையா?

இன்று கேன்டீனில் புது மேனேஜரும் அதே குடும்பப் பாட்டைப் பாடினார். யோசிப்பதற்குள் உன் கேள்வி என் வாயிலிருந்து வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் ஒரு ட்ரெய்னி பெண், என்னைப் போலப் புத்தகப் பைத்தியம், மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இது அந்த நாவல்ல ஓனர் பொண்ணு சொல்றதுதானே?"

சோற்றைப் பிசைந்தபடியே அவள் பக்கம் திரும்பினேன்.

"இல்ல கண்ணு. அதுல புருவத்துல தழும்போட ஒருத்தி வருவாளே, அவ கேட்டது."

"அவ வாயே தொறக்க மாட்டாளே அக்கா?"

"அவளா?" என்றேன். "தூக்கத்துல கூட மூடினதில்லடி."