பதினைந்து ஜோடிகளில் ஒன்று

இன்று காலை மாதனூர் சாலையில் ஒரு லாரி பழுதாகி நின்றது. ஈரத்தோல் ஏற்றிய லாரி. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து குரோம் கலந்த நீலத் தண்ணீர் சொட்டிச் சாலையோரம் ஓடியது. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். அந்த வாடையில் நீ என் எதிரில் நிற்கிறாய். தோலின் ஒரு முனை உன் கையில், மறுமுனை என் கையில்.

நாம் வேலை பார்த்த மெஷினுக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஈரத்தோலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சுருக்கம் விழாமல் ஈரம் பிழியும் உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருவன் முந்தினாலும் தோல் மடியும். மடிந்த இடத்தில் விழுந்த கோடு போகாது. அதனால் தோல் பதனிடும் அந்த டேனரியில் நம்மை ஆளாக எண்ணியதில்லை, ஜோடியாகத்தான் எண்ணினார்கள். மூன்று மெஷின், மூன்று ஜோடி.

புது மெஷின் வந்தபோது, பழையதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளப் போவதாகவும், ஆறு பேரில் இருவர் போதுமென்றும் மேஸ்திரி சொன்னார். யார் அந்த இருவர் என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிட்டார். பேசினோம். பேசப்பேச ஆறு பேரும் ஆறு பக்கம் ஆனோம். எல்லோருக்கும் காப்பாற்ற ஒரு வீடு இருந்தது. சீட்டுப் போடலாம் என்று நீதான் சொன்னாய்.

ஆறு பேரை எழுதி இரண்டு சீட்டு எடுத்தால் முடிந்தது என்றான் அடுத்த மெஷினில் நின்ற சேகர். நீ ஒத்துக்கொள்ளவில்லை. முதல் சீட்டு எடுத்ததும் பேச்சு கிளம்பும், இவனோடு நிற்கமாட்டேன் என்று எவனாவது ஆரம்பிப்பான். ஜோடியாகவே எழுதி ஒரே ஒரு சீட்டு எடுக்க வேண்டும் என்றாய். மெஷினின் இரும்புப் பக்கத்தில் சாக்பீஸால் கணக்குப் போட்டாய். முதல் ஆளுக்கு மற்ற ஐந்து பேரோடு ஐந்து ஜோடி. அடுத்தவனுக்கு, முதல் ஆளோடு சேர்ந்தது போக, நான்கு. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் பதினைந்து. என் பேரை முன்னால் போட்டு இன்னொரு சீட்டு எழுது என்று ஒருவன் கேட்டான்.

"ரெண்டு பேரும் ஒரே தோலத்தான புடிக்கப் போறீங்க. எவன் பேர் முன்னாடி இருந்தா இன்னா?" என்றாய்.

எல்லோரும் சிரித்தோம். ஆறு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. சிரிப்பு அடங்கியதும் சேகர் மட்டும், பதினைந்தில் ஒன்று என்றால் வாய்ப்பு கம்மியாகிறதே என்று முறைத்தான். ஒவ்வொருவன் பேரும் ஐந்து சீட்டில் இருக்கிறது. பதினைந்தில் ஐந்து என்றாலும் ஆறில் இரண்டு என்றாலும் மூன்றில் ஒன்றுதான் என்று பொறுமையாகச் சொன்னாய். சீட்டுகளை எழுதிச் சுருட்டி, டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி, சேகரையே எடுக்கச் சொன்னாய்.

அவன் கையில் வந்தது உன் பேரும் என் பேரும்.

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பதினஞ்சு சீட்டு இருக்குது. எழுதினவன் பேரும் அவன் தோஸ்த் பேருமா வரணும்?" என்றான். மிச்சத்தைப் பிரித்துப் பார் என்று நான் சொல்வதற்குள் டிபன் பாக்ஸை எட்டி உதைத்துவிட்டான். நீலத் தண்ணீர் ஓடும் தரை. சீட்டெல்லாம் கூழாகிவிட்டது.

சேகரும் வேறொருவனும் வந்திருந்தால் அதுவும் பதினைந்தில் ஒன்றுதான். எந்த ஜோடி வந்திருந்தாலும் அவ்வளவுதான். அப்போது எவனும் பாக்ஸை உதைத்திருக்கமாட்டான். பள்ளியில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. பழைய பாடப் புத்தகங்களை வாங்கி நானே படித்தேன். வரிசை பார்க்காமல் ஜோடி சேர்க்கும் இந்தக் கணக்குக்குச் சேர்வு என்று பெயர் இருப்பதைக் கண்டேன். டீக்கடையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், திருப்பத்தூர் சந்தைக்குப் போன இடத்திலும் சொன்னேன். தலையாட்டினார்கள். நீ சீட்டில் ஏமாற்றினாய் என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

சீட்டு எடுத்த பிறகு நீ டேனரியில் நிற்கவில்லை. உன் இடத்தைச் சேகருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு, ஷூ கம்பெனியில் பெட்டி தூக்கப் போனாய். நானும் வருகிறேன் என்றேன். "நீயும் வந்துட்டா, தப்பு பண்ணிட்டு ஓடிட்டானுங்கன்னு ஆயிடும். நீ நில்லு" என்றாய். நின்றேன். அந்த மெஷினையும் விற்கும்வரை சேகருக்கு எதிரில் நின்று தோல் பிடித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. தோல் மடியாமல்தான் போனது, அதை மறைக்கமாட்டேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகக் கிடந்தபோது, நீயாகத்தான் அந்தப் பேச்சை எடுத்தாய்.

"நீ ஒரு தபாகூட என்னக் கேக்கலியே."

"எத?"

"எல்லா சீட்லயும் நம்ம பேரத்தான் எழுதினேனான்னு."

"கேட்டா நானும் அவனுங்கள்ல ஒருத்தன்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தாய். "கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். அத சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆள் கெடைக்கல" என்றாய்.

உன் அடக்கத்துக்குச் சேகர் வந்திருந்தான். எல்லோரும் மண் போட்டு முடித்ததும் கபர்ஸ்தான் வாசலில் என் பக்கத்தில் வந்து, பாய் நல்ல மனுஷன் என்றான். அத்தனை காலத்துக்குப் பிறகு அன்றுதான் அவனோடு வாய் திறந்தேன்.

"எல்லா சீட்லயும் அவன் எங்க பேர எழுதல. என்கிட்ட சொன்னான்."

அவன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தான். "அத இப்போ யார் கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் சொல்றேன்."

கணக்கை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் கணக்குக்கு முன்னால் இப்போது உன்னுடைய அந்த 'இல்ல'வைச் சொல்கிறேன். கேட்காதவர்களையும் நிறுத்திச் சொல்கிறேன்.